மாவீரர் பேனரை இறக்கித் தரக் கோரி

அனுப்புநர்:
தாயாரம்மாள், எம்.ஏ.,
ஓய்வு பெற்ற கல்லூரி விரிவுரையாளர்,
மேட்டுத் தெரு, திருத்தணி.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
திருத்தணி.

பொருள்: குடியிலிருந்து மீள்வோர் கூட்டத்துக்கு வந்தவர்களின் படங்களைப் போட்டு, பேருந்து நிலையம் அருகே மலையடி நற்பணி மன்றத்தார் வைத்துள்ள பேனரை அகற்றுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் எழிலன் குடிப்பவனாக இருந்தான். அவன் பெயரை அவனுடைய அனுமதி பெற்றே எழுதுகிறேன். கூட்டத்துக்கு வந்த மற்றவர்களின் பெயர் இம்மனுவில் இராது. அவர்கள் பெயரை ஊரார் அறியக் கூடாது என்பதற்காகவே மனு எழுதுகிறேன்.

2. இவ்வூரில் மதுக்கடைக்கு வழி கேட்டால் காவடியோடு நிற்பவர்கூடக் கை காட்டுவார். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் இடம் எங்கே என்று கேட்டபோது, மருத்துவமனையில் சீட்டு எழுதுபவர் முதல் மருந்துக் கடைக்காரர் வரை என்னையே ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் அரக்கோணத்தில் அப்படியொரு கூட்டம் நடப்பதை அறிந்து, மகனை ரயிலில் அழைத்துச் சென்றேன். அதை நடத்தும் திரு. கரீமுல்லா வண்டி மெக்கானிக். ஒரு காலத்தில் தாமும் குடித்தவர் என்று அவரே சொன்னார். வாசலில் அவர் கூறியது: “பேரு வேணாம், ஊரு வேணாம்மா. வந்து குந்துனா போதும். இங்க பேசுனது இங்கியே இருக்கும்.”

3. பள்ளிப்பட்டிலிருந்தும் கனகம்மாசத்திரத்திலிருந்தும் சிலர் அங்கே வந்துகொண்டிருந்ததால், அவர்கள் வசதிக்காக ஞாயிறு மாலைகளில் திருத்தணியிலேயே கூட்டம் தொடங்கினார் கரீமுல்லா. இடம், பேருந்து நிலையத்துக்கு அப்பாலுள்ள சமுதாயக் கூடத்தின் பின்னறை. பலகை கிடையாது. தேநீர் உண்டு. எழிலன் குடியை நிறுத்தினான். அதற்கு மேல் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

4. கூடத்தின் சாவி மேற்படி மன்றத்தின் தலைவர் திரு. துரைக்கண்ணுவிடம் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு முன் ஒரு ஞாயிறன்று அவர் மைக்செட், சால்வை, லட்டு சகிதம் அந்த அறைக்குள் நுழைந்தார். மறுத்தவர்களிடம், “ரெக்கார்டுக்குத்தாங்க, யாரு பாக்கப் போறாங்க?” என்று கூறி, ஒவ்வொருவர் தோளிலும் சால்வை போட்டுப் படம் எடுத்தார். சாவி அவரிடம் இருந்ததால் கரீமுல்லா அவரைத் தடுக்கவில்லை.

5. கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் வந்து இறங்கும் இடத்தில் பேனர் முளைத்தது. “மதுவை வென்ற மாவீரர்களே, வருக!” என்று தலைப்பு. ‘அன்று’ என்ற பகுதியில் சாக்கடையோரம் விழுந்து கிடக்கும் யாரோ ஒருவரின் படம், எங்கிருந்தோ எடுத்தது. ‘இன்று’ என்ற பகுதியில் என் மகன் முதலானோரின் முகங்கள், தபால்தலை அளவில். துரைக்கண்ணு கைகூப்பி நிற்பது ஆளுயரத்தில். முகங்களில் ஒன்று ஒரு பெண்ணுடையது. அவர் கூட்டத்துக்கு வருவது அவர் மாமியாருக்கே தெரியாதிருந்தது. இப்போது ஆந்திரப் பேருந்துகளில் வருவோருக்கும் தெரியும். அதைப் பார்த்து எனக்கு வந்தது அருவருப்பு. அந்தச் சொல்லை நான் யோசித்தே பயன்படுத்துகிறேன்.

6. நேரில் சென்று கேட்டேன். “நல்லதுதானேம்மா செஞ்சிகிறோம்? நாலு ஜனம் பாத்து திருந்தட்டுமே!” என்றார் துரைக்கண்ணு. எனக்கும் ஒரு சால்வை எடுத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

7. விளைவு: தேநீர்க் கடையில் எழிலனிடம், “இன்னா மாவீரா, டீ போதுமா? இல்ல, சைட் டிஷ் எதுனா வேணுமா?” என்கிறார்கள். அவன் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. என்னிடம் ஒரே ஒரு முறை பேசினான்: “குடிச்சிகினு இருந்தப்போ என் மூஞ்சிய எவனும் பாக்கலம்மா. நிறுத்துன பிறகுதான் ஊரே பாக்குது.” கூட்டத்துக்கு இப்போது யாரும் வருவதில்லை. கரீமுல்லா மட்டும் ஞாயிறுதோறும் ரயிலில் வந்து, தேநீர் போட்டு வைத்து, காலி நாற்காலிகளோடு உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறார்.

8. தங்கள் கவனத்துக்கு மேலும் ஒன்று: அந்தப் பேனரின் மேல் மூலையில் தங்கள் படமும் உள்ளது. தங்களைக் கேட்காமலே போட்டிருப்பார்கள் என்று நம்புகிறேன். அவ்வாறாயின், என் மகனின் நிலையைத் தங்களுக்கு விளக்க வேண்டிய சிரமம் எனக்கில்லை.

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பேனரை அகற்றவும், கூடத்தின் சாவியை மன்றத்தாரிடமிருந்து பெற்றுப் பொறுப்பான வேறொருவரிடம் ஒப்படைக்கவும், அந்தப் பின்னறையில் இனி சிறப்பு விருந்தினர், சால்வை, கேமரா எதுவும் நுழையாதிருக்கவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பேனரை இறக்கும்போது யாரும் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேனர் இறங்கினால் ஞாயிறன்று கூட்டத்துக்குப் போவதாக எழிலன் சொல்லியிருக்கிறான். இன்றுவரை அவன் குடிக்கவில்லை. நாளைக்கு என்னால் உறுதி தர இயலாது. கூட்டத்துக்குப் போக அவன் அந்தப் பேனரைக் கடந்தாக வேண்டும். மதுக்கடைக்குப் போகும் வழியில் பேனர் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
(ஒப்பம்) தாயாரம்மாள்

இடம்: திருத்தணி
நாள்: 25.08.2025