பச்சை ரிப்பன் அவிழ்ந்த தட்டு

என் ஷமீமுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க வாய் வரவில்லை. நீதான் என்னைக் கேட்க வேண்டும். நேற்று உன் எஸ்தர் அக்கா செய்த காரியத்தைக் கேள். உன் மகள் ரேஷ்மாவின் நிச்சயதார்த்தத்தை நானே கெடுத்திருப்பேன். இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

கொரோனாக் காய்ச்சலில் என் மூக்கு போனபோது நீ சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? "ஆம்பூர்ல மூக்கு போறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்க்கா. தோல் பதம் போடுற ஷாப் நாத்தத்துலேர்ந்து தப்பிச்சிட்ட" என்றாய். அன்றிலிருந்து நீதான் என் மூக்கு. என் அடுப்படியில் ஆரஞ்சுத் தோலைச் சீவிச் சர்க்கரையோடு பிசைந்துகொண்டே, பால் அடிப்பிடிப்பதையும் கேஸ் கசிவதையும் எனக்குச் சொன்னாய்.

தோல் கம்பெனியின் விருந்தினர் மாளிகைக்கு நான் செய்யும் புட்டிங்கில் வெளிநாட்டு ஆரஞ்சு லிக்கர் சேர்க்க வேண்டும். உங்கள் வீட்டு விசேஷங்களுக்கு நீ பிசைந்த தோலின் பாகு மட்டும். பாத்திரமும் கரண்டியும் தனித்தனிதான். ஆனால் செய்து முடித்தால் இரண்டும் ஒரே நிறம். அதனால் லிக்கர் படாத தட்டுக்கு நீ பச்சை ரிப்பன் கட்டுவாய். கட்டிய பிறகும் ஒரு தரம் முகர்ந்து பார்ப்பாய். "குடிக்கத்தான்க்கா ஹராம், மோந்து பாக்க இல்ல" என்று கண்ணடிப்பாய்.

போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், நீ எழுந்திருக்கவேயில்லை. எனக்கு ரிப்பன் மட்டும் மிஞ்சியது.

"காலா, நிச்சயத்துக்கு அம்மி செய்ற ஆரஞ்சு புட்டிங் வேணும்" என்று ரேஷ்மா கேட்டாள். உன்னை அம்மி என்றும், தாயின் உடன்பிறந்தவளைப்போல் என்னைக் காலா என்றும் கூப்பிடுகிறவளிடம் முடியாது என்பேனா? அதே நாள் மாளிகையிலும் கேட்டிருந்தார்கள். உங்கள் வீட்டுத் தட்டுக்குப் பச்சை ரிப்பன் கட்டினேன். அவசரத்தில் சரியாகப் பார்க்காமல் இரண்டு தட்டுகளையும் துணிப்பைகளில் வைத்தேன். உங்கள் வீட்டுப் பை ஆட்டோவில் போனது, மற்றது மாளிகைக் காரில் போனது. பிறகு கூட்டும்போது பார்த்தால் மேஜைக்கு அடியில் பச்சை ரிப்பன் கிடக்கிறது.

எந்தப் பைக்குள் எந்தத் தட்டு போனது? ரேஷ்மாவுக்குப் போன் அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. நிச்சயப் பெண் கையில் போனா இருக்கும்? கிடைத்த ஆட்டோவில் ஏறினேன்.

பஜார் நெரிசலில் ஆட்டோ நகரவில்லை. மேல்விஷாரத்துச் சம்பந்திகள் லிக்கர் வாசனையை அறிந்தவர்கள் இல்லை. ருசியாக இருக்கிறது என்று சாப்பிட்டுவிடுவார்கள், அதுதான் என் பயம். தாயில்லாப் பெண்ணின் முதல் விருந்தில் மதுவை வாயில் வைக்கவிட்டேன் என்றால், அந்தப் பேச்சு அவளைச் சும்மா விடுமா? 'யாருக்கும் தெரியப்போவதில்லை, பேசாமல் திரும்பிப் போ' என்றும் ஒரு மனம் சொன்னது. ஆண்டவரே, அந்த மனத்தை நினைத்தால்தான் இன்னும் அதிகமாகப் பயப்படுகிறேன்.

உங்கள் வீட்டில் பெண்கள் இருந்த அறைக்குள் நுழைந்தேன். மாப்பிள்ளையின் அம்மா கிண்ணத்தில் ஸ்பூனைப் போட்டிருந்தார்.

"சாப்டாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரேஷ்மா எழுந்து வந்து அந்தக் கிண்ணத்தை வாங்கினாள். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, உன்னைப் போலவே முகர்ந்தாள்.

"காலா, இதுல அம்மி கை வாசன இல்ல."

தட்டு மாறித்தான் போயிருந்தது. "இன்னாம்மா ஆச்சு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"இது வேற எடத்துக்குச் செஞ்சதும்மா. இதுல லிக்கர் இருக்கு, அதாவது சாராயம். எனக்கு வாசன தெரியாது. மாத்தி அனுப்பிட்டேன்."

அவர் துப்பட்டா முனையால் விரல்களைத் துடைத்தார். "யாராச்சும் வாயில வச்சீங்களா?" என்று கேட்டார். யாரும் வைக்கவில்லை. "அதுக்குள்ள வந்துட்ட, அது போதும்" என்றார். பிறகு பிரெட் அல்வா பரிமாறச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அது மன்னிப்பா, கோபமா? இன்னும் எனக்கு விளங்கவில்லை, ஷமீம்.

சாயங்காலம் மாளிகைச் சமையற்காரர் போன் செய்தார். "புட்டிங் ஜோர்க்கா. வந்தவங்க ரெண்டாவது வாட்டி கேட்டாங்க. லிக்கர் ஜாஸ்தி போட்டீங்களா?" என்றார். அவர்கள் சாப்பிட்டது லிக்கரே படாத உன் பக்குவம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இன்று காலை ரேஷ்மா வந்தாள். கல்யாணத்துக்கும் நான்தான் செய்யணுமாம்.

"எனக்கு பயமா இருக்குடி."

"பயந்துக்கினே செய்ங்க காலா. நான் மோந்து பாத்தப்புறம்தான் தட்டு வெளிய போவும்."

கல்யாணம் முடிந்து அவளும் மேல்விஷாரம் போன பிறகு? கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவள் உன் இடத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுத் தோலைச் சீவினாள். திடீரென்று விரல்களை என் மூக்கருகில் நீட்டி, "இன்னா தெரியுது காலா?" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து, "உங்க அம்மி" என்றேன்.

மிச்சமிருந்த லிக்கரைத் தொட்டியில் ஊற்றிவிட்டேன். மாளிகைக்காரர்கள் வேண்டுமானால் வேறு ஆளைத் தேடட்டும். இனி என் அடுப்பில் ஒரே புட்டிங்தான், உன்னுடையது. இது உனக்கு நான் தரும் வாக்கு. பயம் மட்டும் போகவில்லை. அது இருக்கட்டும், ஷமீம். இனி எனக்கு அதுதான் மூக்கு.

உன் கூடப் பிறக்காத,
எஸ்தர் அக்கா