சூடு பட்ட பிள்ளைக்கும் வைத்தியம் வேண்டும்

அனுப்புநர்:
சி. பாஞ்சாலை,
க/பெ. சிங்காரம்,
மேல்சீங்காடு கிராமம்,
ஜவ்வாது மலை,
வட ஆற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
வட ஆற்காடு மாவட்டம்,
வேலூர்.

பொருள்: காய்ச்சலும் இருமலும் கண்டுள்ள என் மகன் ராஜாக்கண்ணுவை, தலையில் சூட்டுப் புண் இருப்பதைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பாமல், போலீஸ் விசாரணைக்கு முன்பே அவனுக்கு வைத்தியம் செய்ய உத்தரவிடக் கோருதல் – முன்னதாக என் மகள் வடிவு ஆஸ்பத்திரி வரிசையில் இறந்தது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவைத் தங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்து நானே எழுதுகிறேன். இங்கே மனு எழுதிக் கொடுப்பவர், ‘கண்ணீர் மல்க’ என்று ஆரம்பித்தால்தான் மேலே போகும் என்றார். எனக்குக் கண்ணீர் வரவில்லை, கோபம்தான் வருகிறது. ஆகவே அவரிடம் பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டேன். மடியில் பிள்ளை இருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும்.

1. எங்கள் மலையில் பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் அதை மாந்தம் என்போம். மஞ்சள் கிழங்கை விளக்கில் கருக்கி, அந்தச் சூட்டோடு வயிற்றில் கோடு இழுப்போம். பிள்ளை வீறிட்டு அழும். அழுது ஓய்ந்து அடங்கினால் மாந்தம் இறங்கிவிட்டது என்பது எங்கள் கணக்கு. எங்கள் ஊரில் இதைச் செய்பவள் என் ஓரகத்தி செல்லியம்மாள், அதாவது என் புருஷனின் அண்ணன் முனிசாமியின் மனைவி. அவளுக்குப் பிள்ளை இல்லை. ஊரில் எந்தப் பிள்ளை இருமினாலும் முதலில் ஓடுகிறவள் அவள்தான். சென்ற கார்த்திகை மழையில் என் மூத்த பிள்ளை, இரண்டு வயது மகள் வடிவுக்குத் தட்டம்மை இறங்கியபின் இருமல் பிடித்தது. மூச்சு விடும்போதெல்லாம் விலாவில் தோல் குழிந்து குழிந்து எழுந்தது. செல்லியம்மாள் சூடு வைத்தாள். வடிவு அழுதாள், பிறகு அடங்கினாள். நல்ல காலம் என்று நாங்கள் சாமைக் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தோம். அழுவதற்கு மூச்சு இல்லாமல்தான் அவள் அடங்கினாள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

2. மறுநாள் விடிந்ததும் பார்த்தால் உதடு நாவற்பழம் தின்றது போல நீலம் பாரித்திருந்தது. பால் குடிக்கவில்லை. மழையில் மலைச்சாலைக்குப் பஸ் ஏறி வரவில்லை. கைப்பிள்ளை ராஜாக்கண்ணுவைச் செல்லியம்மாளிடம் விட்டுவிட்டு, நானும் என் புருஷன் சிங்காரமும் முனிசாமியும் வடிவைத் தூக்கிக்கொண்டு நடந்தே இறங்கினோம். பாதை வழுக்கியதால் என் புருஷன் ஒரு மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு வந்தார். இந்தக் கழியைப் பற்றிக் கோர்ட்டில் அதிகமாகப் பேசப்படுவதால், அது எதற்காக அவர் கையில் இருந்தது என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

3. அடிவாரத்தில் உள்ள ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதன் பெயரை எழுத்தில் வைத்தால் கேஸ் கெடும் என்று வக்கீல் சொல்கிறார். தாங்கள் நேரில் கேட்டால் சொல்கிறேன். நர்சு அம்மாள் பிள்ளையின் சட்டையைத் தூக்கியதும் வயிற்றில் இருந்த கோடுகள் தெரிந்தன. டாக்டர் எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். பிள்ளை என் தோளில் இருந்ததால் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு விழாமல் நின்றேன். இரண்டாவது அறையில் காதுக் கம்மல் கழன்று விழுந்தது. “கொலைகாரி! பெத்த புள்ளைக்கே கொள்ளி வெச்சிட்டு இங்க இன்னாடி வேல? மலையில மனுஷங்கதான இருக்கீங்க?” என்று கேட்டார். பிறகு பிள்ளையின் வயிற்றை வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் காட்டிக் கொஞ்ச நேரம் பாடம் நடத்தினார்.

4. அவர் கோபம் நியாயமானதுதான் ஐயா. சூட்டுப் புண் சீழ் வைத்துச் செத்த பிள்ளைகளை அவர் பார்த்திருப்பார். அறைந்ததையும் நான் பெரிதுபடுத்தவில்லை. அறைந்த பிறகாவது பிள்ளையைப் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் புகார். புண்ணுக்கு மருந்து தடவச் சொன்னார். அரைச் சாண் மேலே விலா குழிந்துகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. நர்சு அம்மாளிடம், “அழுவற கொயந்தைங்கள மொதல்ல அனுப்புமா. இது சும்மாதான கெடக்குது” என்று சொல்லி எங்களை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார். பிள்ளை அடங்கினால் நோய் இறங்கியது என்று நினைத்த செல்லியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதே கணக்கைப் போட்ட டாக்டர் எங்கே படித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

5. வடிவு வரிசையில் இறந்தாள். எப்போது இறந்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது. பின்னால் நின்ற ஒரு பெண்தான், “யம்மா, கொயந்த தல தொங்குது பாரு” என்றாள். என் புருஷன் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அறைக்குள் போனார். “எம் புள்ள எயிந்திரிக்கல, நீ எதுக்குடா நிக்கிற?” என்று அவர் கத்தியதும், கழி மேஜைமேல் விழுந்ததும், அடுத்த அடியில் டாக்டரின் நெற்றி பிளந்ததும் உண்மை. மருந்துக் கண்ணாடிகள் நொறுங்கின. டாக்டரின் சட்டை முழுவதும் ரத்தம். முனிசாமி தம்பியைப் பிடித்து இழுத்தார், அடிக்கவில்லை. நடந்ததற்கு நான் வருந்தவில்லை என்று எழுதினால் மனு தள்ளுபடியாகிவிடும் என்கிறார்கள். வருந்துகிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆகவே இரண்டையும் எழுதவில்லை.

6. ஸ்டேஷனில் இருவரையும் கட்டிவைத்து அடித்தார்கள். நான் பிள்ளையின் உடம்போடு வெளியே உட்கார்ந்திருந்தேன், சத்தம் கேட்டது. என் புருஷனுக்கு முன்பற்கள் போய்விட்டன. வலது காது இப்போது கேட்பதில்லை. தடுக்கப் போன முனிசாமிக்குத்தான் அதிக அடி. அவர் இன்றுவரை காலை மடக்கி உட்கார முடியாமல் இருக்கிறார். கொலை முயற்சி என்று கேஸ் போட்டு இருவரையும் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள்.

7. அதன் பிறகு போலீஸ் எங்கள் ஊருக்கு வந்தது. ஜீப் போகாத ஊருக்கு நடந்தே ஏற வேண்டியிருந்த கோபம் வேறு அவர்களுக்கு இருந்தது. செல்லியம்மாளைத் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். எந்தக் கையால் சூடு வைத்தாய் என்று கேட்டார்கள். அவள் வலது கையைக் காட்டினாள். அந்தக் கையை அம்மிக்கல்லின் மேல் வைத்து லத்தியால் அடித்து விரல்களை ஒடித்தார்கள். சாமை வைத்திருந்த பானைகளை உடைத்தார்கள். குறுக்கே வந்த பெண்களுக்கும் உதை விழுந்தது. திரும்பும்போது செல்லியம்மாளைக் கைது செய்ததோடு எங்கள் கோழிகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். கோழிகள் மேல் என்ன கேஸ் என்று இதுவரை எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

8. வடிவின் உடம்பை அறுத்துப் பார்த்த லேடி டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். அந்த ஒரு அம்மாள்தான் என்னை உட்காரச் சொன்னார். சூடு தோலோடு நின்றுவிட்டது, நுரையீரல் முழுவதும் சளி கட்டியிருந்தது, அதனால்தான் இறந்தாள் என்றார். காலாகாலத்தில் ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும் சொன்னார். மூச்சு வேகமாக வாங்கினால், விலா குழிந்தால், பால் குடிக்காவிட்டால் ஒரு நிமிடமும் வீட்டில் வைக்காதே என்றார். சூடு வைத்தால் பிள்ளையின் தெம்புதான் போகும், நோய் போகாது என்றார். இந்த நான்கு வார்த்தையை யாராவது மலைக்கு வந்து முன்பே சொல்லியிருந்தால் நான் இன்று இந்த வாசலில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

9. அந்த ஆஸ்பத்திரியில் இப்போது ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். சூடு வைக்கப்பட்ட குழந்தைகள் போலீஸ் விசாரணைக்குப் பிறகே பார்க்கப்படுவார்கள் என்று எழுதியிருக்கிறது. இதனால் மலையில் சூடு நின்றுவிட்டதா என்றால், இல்லை. வயிற்றில் வைத்தால் தெரிந்துவிடும் என்று உள்ளங்காலில் வைக்கிறார்கள், முடிக்குள் வைக்கிறார்கள். காட்டுக்குள் கொண்டுபோய் வைக்கிறார்கள், பிள்ளை அழும் சத்தம் ஊருக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. கக்குவான் இருமலுக்கும் சேர்த்து முத்தடுப்பு ஊசி போட மேலே வந்த நர்சுப் பெண்ணை, போலீசுக்கு ஆள்காட்ட வந்தவள் என்று நினைத்துக் கல்லால் அடித்தார்கள். தலையில் காயத்தோடு அவள் ஊசிப் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். இனி யாரும் வர மாட்டார்கள். அடி இரண்டு பக்கமும் விழுகிறது ஐயா, நடுவில் சாவது பிள்ளைகள்.

10. முந்தாநாள் என் புருஷனைப் பார்க்க இங்கே வேலூர் ஜெயிலுக்கு வந்திருந்தேன். திரும்பிப் போனபோது ராஜாக்கண்ணுவுக்கு உடம்பு கொதித்தது. தலையைத் தடவினேன், கையில் புண் தட்டுப்பட்டது. ஜாமீனில் வந்திருந்த செல்லியம்மாள், எலும்பு கூடாத விரல்களோடு, இடது கையால் மஞ்சளைப் பிடித்து உச்சிக்குப் பின்னால் சூடு வைத்திருக்கிறாள். நான் அவள் மேல் பாய்ந்து அடித்தேன். அவள் திருப்பி அடிக்கவில்லை. “இன்னொரு கையயும் ஒடச்சிடு. வடிவ வுட்ட மாதிரி இவன வுட மாட்டேன்” என்று அழுதாள். அவளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு இந்தப் பிள்ளைமேல் இருக்கும் பாசத்தை லத்தியாலும் ஒடிக்க முடியாது, அவள் அறியாமையையும் லத்தியால் ஒடிக்க முடியாது.

11. நேற்று அவனை அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வாசலில் நின்ற ஆள் சட்டையைக் கழற்றிப் பார்த்தார், முடியை ஒதுக்கிப் பார்த்தார். போலீஸ் வரட்டும், அதுவரை ஓரமாக இரு என்றார். காத்திருந்தால் என்னைப் பிடிப்பார்கள். என்னைப் பிடித்தால் பால் நின்றுபோகும். ஆகவே வேலூர் பஸ் வந்ததும் ஏறிவிட்டேன். இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒரு பலகை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறது, இருமல் இருக்கிறது. எழுதும்போது அடிக்கடி சட்டையைத் தூக்கிப் பார்க்கிறேன். விலா இன்னும் குழியவில்லை. இன்னும் நேரம் இருக்கிறது.

ஆகவே தாங்கள் அந்தப் பலகையைக் கழற்றச் சொல்ல வேண்டும். சூடு வைத்தது குற்றம் என்றால் விசாரியுங்கள், ஆனால் பிள்ளைக்கு ஊசி போட்ட பிறகு விசாரியுங்கள். லேடி டாக்டர் எனக்குச் சொன்னதை மலையில் வீடு வீடாகச் சொல்ல ஆள் அனுப்புங்கள், அவர்களோடு காக்கிச் சட்டை வர வேண்டாம். தடுப்பு ஊசிக்காரர்கள் மறுபடி வந்தால், கல் எடுப்பவன் முன்னால் நான் நிற்கிறேன். என் புருஷன் செய்ததற்குக் கோர்ட் என்ன தண்டனை கொடுத்தாலும் அனுபவிப்பார். ஸ்டேஷனில் அவர் பல்லை உடைத்ததற்கும் செல்லியம்மாள் விரலை ஒடித்ததற்கும் தண்டனை உண்டா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு எனக்கு வேண்டியது, இந்த மனுவின் ஓரத்தில் தங்கள் பச்சை மையில் ஒரே ஒரு வரி: இந்தப் பிள்ளையை முதலில் பார்க்கவும். மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகம் கலையும் வரை காத்திருப்பேன். அதற்குள் விலா குழிய ஆரம்பித்தால் அந்த நொடியே எழுந்துவிடுவேன். தங்கள் வரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் போகிறேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், முன்கூட்டித் தெரிவித்துக்கொள்கிறேன். வரிசையில் நிறுத்தினால் நிற்க மாட்டேன். தள்ளினால் தள்ளுவேன், அடித்தால் அடி வாங்கிக்கொண்டே உள்ளே போவேன். டாக்டரின் மேஜைமேல் பிள்ளையைக் கிடத்திவிட்டு, இரண்டு கையையும் நானே நீட்டிக்கொண்டு நிற்பேன். விலங்கு மாட்டுகிறவர் நிதானமாக மாட்டட்டும். அதற்குள் டாக்டர் பிள்ளையின் விலாவைப் பார்த்துவிடட்டும்.

இடம்: ஆட்சியர் அலுவலக வாசல், வேலூர்.
நாள்: 23-1-1984, திங்கட்கிழமை.

இப்படிக்கு,
தங்கள் வரிக்காகக் காத்திருக்கும்,
சி. பாஞ்சாலை
(ராஜாக்கண்ணுவின் தாய்)