ஒன்பது வீட்டுக்கு ஒரே பரண்

ஷெஃபீல்ட்,
9 மார்ச் 1996

மதிப்புக்குரிய திரு. ரெய்னர் அவர்களுக்கு,

நலமா என்று கேட்கும் அளவுக்குக்கூட நமக்குள் பழக்கமில்லை. இன்று காலை ஆல்மா வரிசை ஒன்பதாம் எண்ணை, உங்கள் வீட்டை, இருபது நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவள் நான். பச்சைக் கோட்டு, ஈரக் குடை. வாங்குகிறவர் விற்கிறவருக்கு நேரே எழுதக் கூடாது என்று தரகர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவர் காரில் எதையோ தேடப் போயிருந்தபோது நீங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "மேல ஏறிப் பாரு கண்ணு, அந்த ஆளு இதக் காட்டமாட்டான்" என்றீர்கள். பழைய பெட்டியும் ஒட்டடையும் இருக்கும் என்று நினைத்துத் தலையை நீட்டினேன். சுவரே இல்லை. உங்கள் பரண் பக்கத்து வீட்டுப் பரணாகி, அது அதற்கடுத்த வீட்டுடையதாகி, ஒன்பது வீட்டுக்கும் ஒரே கூரையாக நீண்டு போயிற்று. ஓட்டு இடுக்குகளில் கசிந்த வெளிச்சத்தில் புகைபோக்கிகள் வரிசையாக நின்றன. யார் வீட்டிலோ வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. எங்கோ ரேடியோவில் குதிரைப் பந்தயம். ஒரு குழந்தை விக்கி விக்கி அழுது ஓய்ந்தது. தெருவில் வந்தபோது ஒன்பது கதவும் சாத்தியிருந்தன. மேலே பார்த்தால் எல்லாரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பேராலயத்தில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை.

வயது முப்பத்து நான்கு. தனியாள். நகராட்சிப் பக்கம் தொலைபேசி எடுக்கும் வேலை. இதுவரை பதினான்கு வாடகை அறைகள் மாறிவிட்டேன், ஒன்றிலும் ஆணி அடிக்க விட்டதில்லை. நீங்கள் கேட்கும் விலையை அப்படியே தருகிறேன். வீட்டை எனக்குத் தாருங்கள்.

அன்புடன்,
லொரெய்ன் ஸ்டப்ஸ்

ஆல்மா வரிசை,
14 மார்ச்

அன்புள்ள மிஸ் ஸ்டப்ஸ்,

தரகருக்குத் தெரிந்தால் நம் இருவரையும் கட்டிவைத்து உதைப்பார். இருந்தாலும் பதில் எழுதுகிறேன்.

ரொக்கத்தோடு ஒருவன் வந்திருக்கிறான், உங்களைவிட அதிகம் தருவானாம். அறை அறையாகத் தடுத்து மாணவர்களுக்கு விடப் போகிறான். வாசலில் நின்றே அளவெடுத்துக்கொண்டு போனான், பரணை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வீடு உங்களுக்குத்தான். ஒப்பந்தம் கைமாறுகிறவரை இந்த நாட்டில் வீட்டு விஷயமாகக் கொடுத்த வாக்கை யாரும் எப்போதும் உதறலாம் என்று எனக்கும் தெரியும். நான் உருக்காலையில் நாற்பது வருஷம் இருந்தவன், சொன்னால் சொன்னதுதான்.

பரண் உங்களுக்குப் பிடித்துப்போனதால் ஒன்று சொல்கிறேன். அறுபத்து மூன்றாம் வருஷத்துப் பனியை உங்கள் அம்மாவைக் கேட்டால் சொல்லுவார். எங்கள் வரிசையில் ஜன்னல் வரை பனி ஏறிவிட்டது, முன்கதவும் பின்கதவும் அசையவில்லை. அன்றைக்கென்று என் மனைவி ஈனிடுக்கு இடுப்பு வலி கண்டது. மருத்துவச்சி கார்ட்லெஜ் அம்மாள் ஒன்றாம் எண்ணில் இருந்தார். நான் பரணில் தவழ்ந்து போய் அவர் தலைக்கு மேல் பலகையைத் தட்டினேன்.

"யார்ரா மேல?"

"நாந்தான், கிளிஃப். அவளுக்கு வலி வந்துருச்சு."

"பலகையத் தூக்கு. வர்றேன்."

அறுபது வயது. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் விளக்கோடு, மூன்று வீட்டு உத்திரங்களைத் தாண்டி வந்தார். கீழே அந்தந்த வீட்டுக்காரர்கள் காலைப் பார்த்து வைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். விடிவதற்குள் ஜூடித் பிறந்தாள். அவள் முதலில் அழுததும் மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒன்றிலிருந்து பதினேழு வரை, ஒற்றைப்படை எண் வீடுகள் ஒன்பதும், கை தட்டிக்கொண்டிருந்தன. இப்போது அவள் விட்பியில், கடலோரம் இருக்கிறாள். ஈனிட் இறந்து இரண்டு வருஷமாகிறது, நான் மகளோடு போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
கிளிஃபர்ட் ரெய்னர்

ஷெஃபீல்ட்,
27 மார்ச்

அன்புள்ள திரு. ரெய்னர்,

உங்கள் கடிதத்தை வேலைக்குக் கொண்டுபோய் நாலைந்து தடவை படித்தேன். கைதட்டிய இடத்தை மட்டும் இன்னும் அதிகமாக.

இந்தச் சமயத்தில் ஒரு கல்லைத் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் பரணைப் பார்த்துவிட்டு அறிக்கை எழுதிவிட்டார். இரண்டு பக்கமும் கூரை வரை செங்கல் சுவர் எழுப்பினால்தான் எனக்குக் கடன் தருவார்களாம். வீடு இன்னும் உங்களுடையது, எனவே நீங்கள் சம்மதிக்க வேண்டும். செலவு என்னுடையது. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

அன்புடன்,
லொரெய்ன்

ஆல்மா வரிசை,
30 மார்ச்

மிஸ் ஸ்டப்ஸ்,

முடியாது.

நூறு வருஷமாகத் திறந்து கிடப்பதை அடைத்தவன் என்ற பெயரோடு நான் போக மாட்டேன். அந்தப் பனிக் கதையை எழுதியபிறகும் நீங்கள் இதைக் கேட்டது எனக்கு வருத்தம். ரொக்கக்காரனுக்கு வங்கியும் வேண்டாம், சுவரும் வேண்டாம். சுவர் இல்லாமல் வாங்க உங்களுக்கு வேறு வழி இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் அவனிடம் சொல்லிவிடுவேன்.

கி. ரெய்னர்

ஷெஃபீல்ட்,
2 ஏப்ரல்

அன்புள்ள திரு. ரெய்னர்,

எனக்கு வேறு வழியில்லை. வீட்டை அவருக்கே கொடுத்துவிடுங்கள். ஆனால் ஒன்றை நான் உங்களிடம் மறைத்துவிட்டேன், அதைச் சொல்லாமல் விலக மனசு வரவில்லை.

நான் எடுக்கும் தொலைபேசி தீயணைப்புப் படையுடையது. போன வருஷத்துக்கு முந்தின டிசம்பரில் ஒரு பெண் கூப்பிட்டாள். அவர்களுடையதும் பத்து வீட்டு வரிசை, பரணில் தடுப்பில்லை. "எங்க வீட்ல தீ இல்லீங்க, நாலு வீடு தள்ளித்தான். ஆனா எங்க கூரையில பொகை வருது, அது எப்படீங்க?" என்று கேட்டாள், ஏதோ சந்தேகம் கேட்பது போல. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே போகச் சொன்னேன். போனாள், பிழைத்தாள். பதினெட்டு நிமிடத்தில் பத்து வீட்டுக்கும் கூரை இல்லை. தீ கீழே இறங்கவே இல்லை என்றார்கள். மேலேயே, தலைக்கு மேலேயே, யார் கண்ணுக்கும் படாமல் ஓடியிருக்கிறது.

உங்கள் ஏணியில் நின்றபோது எனக்குச் சிலிர்த்தது பொய்யில்லை. அதே நொடியில் அந்தப் பெண்ணின் குரல் காதில் கேட்டதும் பொய்யில்லை. சொன்னால் வீடு கைநழுவிவிடும் என்று மென்று விழுங்கிவிட்டேன். சுவர் விஷயம் வங்கிக்காரர் வாயால் வந்ததும், பழி அவரோடு போகட்டும் என்று நிம்மதிகூடப் பட்டேன். வெட்கமாக இருக்கிறது.

கார்ட்லெஜ் அம்மாள் விளக்கோடு வந்த வழி அது. அவர் உத்திரம் பார்த்துக் காலை வைத்து வந்தார், தீ அப்படி வராது. இனி அங்கே ஆறு மாணவர்கள், ஆறு ஹீட்டர் இருக்கும். யாருக்கு விற்றாலும் சரி, சுவரை எழுப்பிவிட்டு விற்றுவிடுங்கள். நான் பரணை எட்டிப் பார்த்த அன்று அழுதுகொண்டிருந்த அந்தக் குழந்தைக்காகக் கேட்கிறேன்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு,
லொரெய்ன்

ஆல்மா வரிசை,
22 ஏப்ரல்

அன்புள்ள லொரெய்ன்,

மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. முதல் இரண்டு நாள் கோபம்தான், ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஒருநாள் ஏறிப் போய் ஓர் உத்திரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முப்பத்து மூன்று வருஷமாக அதை ஆசீர்வாதம் என்று நினைத்திருந்தேன். ஆசீர்வாதம்தான். ஜூடித் பதினெட்டு வயது வரை அதன் கீழ்தான் தூங்கினாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு எட்டு வீட்டுக்கும் போனேன். இங்கே யாரும் யார் வீட்டுக்குள்ளும் போகிற வழக்கமில்லை, உங்களுக்குத் தெரியாததா. கூடத்தில் நின்றபடியே படித்துக் காட்டினேன். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. மூன்றாம் எண் ட்ரெவர் கொத்தனார். "ரெண்டு சுவரு எதுக்காவும் கிளிஃப்? எட்டு வேணும்" என்றார். ஈஸ்டர் விடுமுறையில் ஆரம்பித்தோம். ஏழாம் எண் பெண் இடுப்பில் குழந்தையோடு தேநீர் ஊற்றினாள். வாலிபர்களும் கிழவர்களும் வரிசையில் நின்று ஏணி வழியாகச் செங்கல்லைக் கை மாற்றினார்கள். இத்தனை வருஷத்தில் ஒன்பது வீட்டுக்காரர்களும் ஓரிடத்தில் கூடி நான் பார்த்ததில்லை. இவ்வளவு பேர் நாம் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கடைசியாக எழும்பியது எனக்கும் பதினோராம் எண் ராய் பார்ஸன்ஸுக்கும் நடுவில் உள்ள சுவர். இருபத்திரண்டு வருஷம் பக்கத்து வீடு. மழை வருமா, வராதா என்பதற்கு மேல் நாங்கள் பேசியதில்லை. ட்ரெவர் ஒரு செங்கல் அளவு இடம் விட்டு, கொத்துக்கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அந்தப் பக்கம் ராய் குனிந்து உட்கார்ந்திருந்தார். முகம் பாதிதான் தெரிந்தது.

"ஈனிட் போன பொறவு நீ அழுவுறது எனக்குக் கேக்கும், கிளிஃப்."

கரண்டியைக் கீழே வைத்தேன். "அப்பல்லாம் ஒன் வீட்டுக் கெட்டில் சத்தம் எனக்குக் கேக்கும்" என்றேன்.

"ரெண்டு கப்பு எடுத்து வெப்பேன். வந்து கதவத் தட்டலாம்னு. ஒரு தடவகூடத் தட்டுனதில்ல."

சந்து வழியாகக் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கலவை காய்கிறது என்று ட்ரெவர் கீழேயிருந்து சத்தம் போடும்வரை. பிறகு செங்கல்லை வைத்தேன்.

ரொக்கக்காரனை அனுப்பியாயிற்று. வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் கைமாறும் என்று தரகர் சொல்கிறார். வீடு உங்களுடையது, எந்தச் சுவரில் வேண்டுமானாலும் ஆணி அடியுங்கள். ஒன்று மட்டும் செய்யுங்கள். குடிவந்த அன்றே போய் ராயின் கதவைத் தட்டுங்கள். உங்கள் வீட்டில் என்ன நடந்தாலும் இனி அவருக்குக் கேட்காது.

என்றும் அன்புடன்,
கிளிஃப்