பள்ளிக்கூட ரயிலின் டிரைவர் சீட்டு

திருத்துறைப்பூண்டி,
14.12.2025

அன்பு மகள் செம்மொழிக்கு, அப்பா ரெத்தினம் எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். பிலாஸ்பூரில் குளிர் அதிகமாமே, காதை மூடிக்கொண்டு என்ஜினில் ஏறு. போனில் பேசியிருக்கலாம். ஆனால் முக்கியமான இடம் வரும்போதெல்லாம் நான் மாட்டைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அதனால் கடிதம். பத்தாவதில் இரண்டு தடவை ஃபெயிலானவன் எழுத்து, பொறுத்துக்கொள்.

உன் பள்ளிக்கூடத்துக் குட்டி ரயில் ஞாபகம் இருக்கும். தொண்ணூற்று நாலில் அப்துல் ஜலீல் சார் பிள்ளைகளோடு சேர்ந்து செய்தது. நம் வயலில் தண்ணீர் இறைத்த பழைய டீசல் என்ஜின்தான் அதற்கு உயிர். கஜா புயலில் வேப்பமரம் விழுந்ததோடு நின்றுபோய், ஏழு வருஷமாகக் கோரைப் புல்லுக்குள் கிடந்தது. இப்போது எடைக்குப் போட்டுவிட்டு சைக்கிள் கொட்டகை கட்டலாம் என்று பேச்சு. தலைமையாசிரியை ஷம்சாத் டீச்சர்தான், "பொங்கலுக்கு முன்னாடி பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு, தடம் புரளாம ஒரு சுத்து வந்து காட்டுங்க. ஓடுச்சுன்னா இருக்கட்டும்" என்று கெடு வைத்தார்.

நானும் பக்கத்து வயல் வைரக்கண்ணுவும் வேலையில் இறங்கினோம். தண்டவாளத்துக்கு அடியில் மண் கரைந்திருந்தது. எனக்குத்தான் வரப்பு வைக்கத் தெரியுமே! களிமண்ணைக் குழைத்து, மண்வெட்டியால் வழவழவென்று பூசிவிட்டேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மறுவாரம் மழை. தண்ணீர் வடிய வழியில்லாமல் பாதை முழுக்க நாற்றங்கால் மாதிரி நின்றது. வெள்ளோட்டத்தில் என்ஜின் பத்தடி போய், சக்கரம் முழுகிவிட்டது. "நாத்த விட்டுருந்தா அறுப்பாவது அறுத்திருக்கலாம்யா" என்றான் வைரக்கண்ணு. உன் அம்மா இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

எல்லாவற்றையும் பெயர்த்து ஜல்லி கொட்டினோம். நேற்று காலிப் பெட்டிகளோடு ஒரு சுற்று முழுதாக வந்துவிட்டது! ஜலீல் சார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ரெத்தினம், ஒங்க வயல்ல கேட்ட அதே சத்தம்ப்பா" என்றார். ஓட்டியவன் வைரக்கண்ணு. வளைவில் பிரேக்குக்குப் பதில் கண்ணை மூடிக்கொண்டான்.

அங்கேதான் சிக்கல். பிள்ளைகளை ஏற்றினால் விவரமான ஆள்தான் ஓட்ட வேண்டும் என்கிறார் டீச்சர். "யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜல்லியைப் பார்த்தேன். நீ எட்டாவது படிக்கும்போது அந்த டிரைவர் சீட்டில் ஏறியதும், பெற்றோர் சங்கத் தலைவர் என்ற மிதப்பில் நான், "பொட்டப் புள்ளைக்குப் பின் பெட்டி போதும்" என்று இறக்கிவிட்டதும் அவர்களுக்கு மறக்கவில்லை. எனக்கும்தான். அன்றைக்கு நீ பின் பெட்டியிலும் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தாய்.

இன்றைக்கு நீ சரக்கு ரயில் ஓட்டுகிறாய். ஐம்பது அறுபது பெட்டி இழுப்பவளுக்கு இது மூன்றே பெட்டி.

ஜனவரி பத்து, சனிக்கிழமை. லீவு கிடைத்தால் வந்துவிடு அம்மா. டிரைவர் சீட்டுக்கு நானே பச்சை பெயிண்ட் அடித்திருக்கிறேன், அதற்குள் காய்ந்துவிடும். நீ ஓட்டு. பின் பெட்டியில் ஓரமாக இடம் கொடுத்தால் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

போகிற வழியெல்லாம் உனக்குப் பச்சை விளக்கே எரியட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ரெத்தினம்