கப்பலில் வந்த வண்டி

நைனா,

இன்று காலை காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறி, கதவோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்டையார்பேட்டை வருமுன் வண்டி தரைக்குள் இறங்கி, சன்னல் இருண்டதும் தலையை நிமிர்த்தினேன். கதவுக்கு மேலே அந்தச் சின்னத் தகடு. தயாரித்த நாடு, பிரேசில். நீ போய்ச்சேர்ந்த பிறகு எத்தனையோ தடவை இந்தத் தடத்தில் போய்வந்துவிட்டேன். இது இன்றைக்குத்தான் கண்ணில் பட வேண்டுமா?

உன் வண்டி, நைனா. துறைமுகத்தில் நீயும் உன் கேங்கும் கொக்கி மாட்டிக் கப்பலிலிருந்து இறக்கியது.

எந்தச் சரக்கு தரையைத் தொட்டாலும் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கொக்கியைக் கழற்றுவீர்கள். பத்திரமாக வந்து சேர்ந்தாய் என்று அதற்குச் சொல்வதுபோல. மெட்ரோ நம் பக்கம் ஓடத் தொடங்கியதும் நீ ஏறின வண்டிக்கெல்லாம் அந்த இரண்டு தட்டு விழுந்தது. பிறகு பக்கத்தில் நிற்பவர் யாராயிருந்தாலும் விடமாட்டாய்.

"இத்த நாங்கதான் கப்பல்லேர்ந்து எறக்குனோம்."

கிரேன் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகின குரல். பெட்டி முழுக்கக் கேட்கும். நான் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

கண் ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கூட்டிப்போன அன்று, கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கிய ஒருவர் அதைக் கேட்டார். மரியாதையாகத்தான் பேசினார். முதலில் வந்த கொஞ்சம் வண்டிகள்தான் கப்பலில் வந்தவை, மற்றவை ஆந்திரா பக்கம் செய்து லாரியில் வந்தவை, இதுவும் அதில் ஒன்றாக இருக்கலாம் என்றார். நீ சிரித்துவிட்டு விட்டிருப்பாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை. உன்னால் கூசிக் குனிகிறவளும் நான்தான், உன்னை இன்னொருவர் திருத்தினால் சுர்ரென்று ஏறுவதும் எனக்குத்தான். இறக்கினவருக்குத் தெரியாதா, உங்களுக்குத் தெரியுமா என்று எகிறினேன். அதோடு நின்றேனா, பாவி?

"தோ, மேல தகடு கீது. நீங்களே படிச்சுப் பாருங்க."

எல்லாரும் அண்ணாந்து படித்தார்கள். நானும் அப்போதுதான் படித்தேன். இந்தியாவில் தயாரித்தது. போட்டிருந்த ஆண்டு, நீ ஓய்வு பெற்றதற்குப் பிந்தையது.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. நீ கம்பியிலிருந்து மெல்லக் கையை எடுத்தாய்.

"எறங்கிடலாம்மா. அட்த்த வண்டில போலாம்."

இறங்க வேண்டிய இடம் அதுவல்ல. ஆனாலும் வண்ணாரப்பேட்டையில் இறங்கினோம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொன்னாய், ஏதோ என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல. அடுத்த வண்டி வந்தது. நீ தட்டவில்லை. அதற்குப் பிறகு எந்த வண்டியையும் தட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெரியாதவர் வீட்டுக்குள் நுழைவதுபோல ஏறுவாய். தட்டு நைனா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர் முன்னால் உன்னைப் பொய்யனாக்கியது என் வாய்தானே.

இனி ஓட்டுநரே இல்லாத வண்டிகள் ஓடுமாம். உன்னுடையது பழைய வண்டியாகிவிட்டது. கம்பியில் கைபட்ட இடமெல்லாம் தேய்ந்து மங்கிக் கிடக்கிறது.

இன்று காலை அப்படி ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். இரண்டு தட்டுத் தட்டினேன். மடியில் பையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து, "இன்னாம்மா, எதுனா கயண்டுகிச்சா?" என்று கேட்டார்.

எங்க நைனா இறக்கின வண்டி என்றேன். உன் சத்தத்தில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், கிசுகிசுப்பாகத்தான் வந்தது. அவருக்குக் கேட்கவில்லை. காதை என் பக்கம் சாய்த்தார்.

"எங்க நைனா எறக்குன வண்டி இது. கப்பல்லேர்ந்து."

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கன்னம் இரண்டும் காந்தியது, நைனா. குனியவில்லை.