உக்காருங்கடா என்று சொல்லத் தெரியாத குரல்

இன்று காலை சமயநல்லூர் வங்கியில் பாஸ்புக்கில் பதிவு போடுவதற்காக உட்கார்ந்திருந்தேன். திடீரென்று தலைக்கு மேலே ஒரு பெண் குரல், அடுத்த டோக்கன்காரரை மூன்றாம் எண் கவுண்டருக்குச் செல்லச் சொன்னது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அது என் டோக்கன் இல்லை. பக்கத்திலிருந்த பெரியவர் என் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுது இன்னும் வரலம்மா, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்திருப்பார்.

அவரிடம் எப்படிச் சொல்வேன்? அது உன் குரல். கடைசியாக நீ பள்ளிக்கூடத்துக்கு வந்த நாள்வரை அந்தக் குரலில்தான் என்னிடம் பேசினாய்.

அதற்கு முன்னால் உனக்கென்று ஒரு குரல் இருந்தது. பசுமலையில் நம் பள்ளிக்கூடத்து வாசலில் டீக்கடை வைத்திருந்தவர், உன் வகுப்புச் சத்தத்தை வைத்தே மணி என்ன என்று சொல்வார். வாய்ப்பாடு கேட்டால் முதல் பீரியடு, பாட்டுக் கேட்டால் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. பக்கத்து வகுப்பில் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது நீ உன் பிள்ளைகளை "உக்காருங்கடா!" என்று ஒரு அதட்டல் போட்டால், என் பிள்ளைகளும் சேர்ந்து உட்காருவார்கள். காலையில் நான் சமயநல்லூரில் பஸ் ஏறி உனக்கு இடம் போட்டு வைத்திருப்பேன். விளாங்குடி நிறுத்தத்தில் நீ ஏறுவதற்கு முன்பே, "எங்கிட்டு இருக்க?" என்ற கேள்வி ஏறிவிடும்.

பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து பள்ளிக்கு டேப்லெட்டுகள் வாங்கித் தந்தார்கள். சுவரில் மாட்ட ஒரு பெரிய டிவியும் வந்தது. உனக்கு அவை ஆகவே ஆகாது. கணக்குச் செயலி ஒன்றைத் திறந்து ஒரு பிள்ளை கண்டபடி அமுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தப்பா அமுக்கினாலும் கை தட்டுது. இது டீச்சரா, கச்சேரிக்கு வந்த கூட்டமா?" என்றாய். "பிள்ளைக என் மூஞ்சியப் பாக்கணும் டீச்சர். இந்தக் கண்ணாடிய எதுக்குப் பாக்கணும்?" என்று சொல்லி உன் வகுப்புக்கு வந்தவற்றை பீரோவில் வைத்துப் பூட்டினாய்.

உன் தொண்டை கட்டியது அந்த வருஷம்தான். சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொண்டு பாடம் நடத்தினாய். கத்திக் கத்திப் பழகிய தொண்டை, லீவு விட்டால் சரியாகிவிடும் என்றாய். லீவு விட்டது. சரியாகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தவர்கள், குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நான் வந்தபோது நீ என்னிடம் எதுவும் பெரிதாகப் பேசவில்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுத்து, "என் கிளாஸுப் பிள்ளைகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு அரைகுறையா நிக்குது. பாத்துக்க" என்றாய். நீ வாயால் என்னிடம் பேசியது அதுவே கடைசி. அப்போது எனக்கு அது தெரிந்திருந்தால் இன்னும் ஏதாவது பேசவைத்திருப்பேன்.

நீ திரும்பி வரமாட்டாய் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கழுத்தில் மூச்சுவிடும் துளையை மறைத்து மெல்லிய பருத்தித் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, ஜூன் மாதம் பஸ்ஸில் ஏறினாய். தொண்டையில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றை டாக்டர் காட்டினாராம். பிள்ளைகள் பயந்துவிடும் என்று வேண்டாமென்றுவிட்டாய். சாக்பீஸ் தூள் அந்தத் துளைக்குள் போகக் கூடாது, கரும்பலகைப் பக்கமே நிற்காதீர்கள் என்றும் சொல்லியிருந்தார். தலைமையாசிரியை உன்னை நூலகத்தில் உட்காரச் சொன்னார். நீ பீரோச் சாவியைக் கேட்டு வாங்கினாய்.

முதல் நாள் உன் வகுப்பு வாசலில் நின்று பார்த்தேன். நீ டேப்லெட்டில் தட்டினாய். நீ எழுதியது டிவியில் தெரிந்தது. பிறகு டேப்லெட்டுக்குள்ளிருந்து ஓர் அந்நியக் குரல், இன்று வங்கியில் கேட்ட அதே இயந்திரக் குரல், அதை வாசித்தது: "உக்காரும். கடா."

முன்வரிசையில் இருந்த முத்துச்செல்வி எழுந்து, "டீச்சர், கெடா எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டாள். பின்னாலிருந்து யாரோ "மே" என்றார்கள். அவ்வளவுதான், வகுப்பு சிரித்துச் சரிந்தது. உன்னைப் பார்த்தேன். உன் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறாய் என்று உள்ளே ஓடிவந்தேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். சத்தமே இல்லாமல், கண்ணில் தண்ணீர் வழிய.

பஸ்ஸில் அதை வைத்து நாம் அடித்த கூத்து நினைவிருக்கிறதா? ஓர் எழுத்தைக் கூட்டிப் பார்ப்பாய், ஒன்றைக் குறைத்துப் பார்ப்பாய், நடுவில் இடம் விட்டுப் பார்ப்பாய். அந்தக் குரல் ஒவ்வொரு தடவையும் ஒரு கடாவைக் கொண்டுவந்து நிறுத்தும். முன்சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். 'இம்புட்டு' என்ற சொல்லை மட்டும் எப்படியோ சரியாகச் சொல்லப் பழக்கிவிட்டாய். கடாவை உன்னால் திருத்த முடியவில்லை. பிறகு திருத்தவும் வேண்டியிருக்கவில்லை. குரல் வந்ததும் பிள்ளைகள் ஒரு தடவை "மே" என்று கத்திவிட்டு ஒழுங்காக உட்கார்ந்தார்கள்.

கைதட்டும் செயலிகளை நீ கடைசிவரை சேர்க்கவில்லை. உனக்குப் பிடித்தது ஒன்றுதான். பிள்ளைகள் வாசிப்பதைப் பதிவுசெய்யும் எளிய செயலி அது. ஒவ்வொருவராக வராந்தாக் கோடிக்குப் போய் ஒரு பத்தியை வாசித்துவிட்டு வருவார்கள். சாயங்கால பஸ்ஸில் நீ ஹெட்செட்டின் ஒரு முனையை உன் காதிலும் மறுமுனையை என் காதிலும் மாட்டுவாய். காக்கைச் சத்தம், யாரோ தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம், அவற்றுக்கு நடுவே ஒரு குழந்தை எழுத்துக்கூட்டித் திணறித் திணறி ஒரு வாக்கியத்தைக் கடந்து முடிக்கும். யார் 'ற'வில் தடுக்குகிறார்கள், யார் வாசிக்காமல் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்வாய். மறுநாள் அந்தந்தப் பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து, அந்த ஓர் எழுத்தை மட்டும் விரலால் திரையில் எழுதிக் காட்டுவாய்.

அப்படி ஒரு சாயங்காலம், பஸ் அரசரடி தாண்டும்போது, டேப்லெட்டில் எழுதி என் பக்கம் திருப்பினாய். அதைக் குரலாக்கவில்லை, என் கண்ணுக்கு மட்டும் காட்டினாய். "நான் பேசிக்கிட்டு இருந்த வரைக்கும் இதுக வாசிக்கிறத முழுசாக் கேட்டதே இல்ல. என் சத்தத்துல இதுக சத்தம் அமுங்கிப் போச்சு."

அதை மறுபடியும் வாசித்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் வெளியே பேச்சு வேறு மாதிரி ஓடியது. பெற்றோர் கூட்டத்தில் அது வெடித்தது. முத்துச்செல்வியின் அப்பா காய்கறி லோடு ஏற்றும் ஆட்டோ ஓட்டுகிறவர். தோளில் துண்டோடு எழுந்து நின்றார். சண்டைக்காக எழுந்த மனிதர் இல்லை அவர்.

"தப்பா எடுத்துக்கிறாதீக டீச்சர். பேச்சு வராத டீச்சருக்கிட்ட எம்பிள்ள என்னத்தப் பேசிப் படிக்கும்? நாந்தான் கைநாட்டு. இவளாச்சும் நாலு எழுத்து படிக்கட்டும்னுதான் வெள்ளனவே எந்திரிச்சு லோடு அடிக்கிறேன்."

இன்னும் சிலர் தலையாட்டினார்கள். "அதத்தான் நாங்களும் சொன்னோம், அவங்களுக்கும் ரெஸ்ட் வேணும்ல" என்று தலைமையாசிரியை ஆரம்பித்தார். நீ டேப்லெட்டை எடுத்துத் தட்டினாய். "வணக்கம் அண்ணே. உங்கள்" என்று சொன்ன குரல் அங்கேயே நின்றது. திரை இருண்டது. காலையிலிருந்து பிள்ளைகள் அதில் வாசித்திருந்தார்கள். சார்ஜ் தீர்ந்துவிட்டது. நீ பொத்தானை அமுக்கினாய். மறுபடியும் அமுக்கினாய். நூறு கண்கள் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. உன் முகத்தில் அப்படி ஒரு தனிமையை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை, ஆஸ்பத்திரியில்கூட.

நீ துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் சாக்பீஸை எடுத்தாய். "வேணாம் டீச்சர்" என்று நான் எழுந்தேன். நீ திரும்பவே இல்லை.

நீ எழுத எழுத, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த முத்துச்செல்வி வாசிக்கத் தொடங்கினாள். யாரும் அவளை வாசிக்கச் சொல்லவில்லை. நீ எழுதினால் பிள்ளைகள் வாசிப்பார்கள், வகுப்பின் பழக்கம் அப்படி.

"உங்கள் கவலை நியாயம்தான். முழுப் பரீட்சை வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் சரியில்லை என்று உங்களுக்குப் பட்டால்..."

அங்கே நின்றுவிட்டாள். நீ எழுதி முடித்துத் திரும்பினாய்.

"மிச்சத்தையும் வாசிம்மா" என்றார் அப்பா.

"மாட்டேன்."

"தெரியலையா?"

"தெரியுதுப்பா. நான் வாசிக்க மாட்டேன்."

அவள் அழ ஆரம்பித்தாள். அவருக்குப் பலகையில் இருப்பது புரியவில்லை. என்னைப் பார்த்து, "என்ன டீச்சர் எழுதியிருக்கு?" என்று கேட்டார். 'நானே போய்விடுகிறேன்' என்ற இரண்டு சொற்கள்தான். நானும் வாசித்துச் சொல்லவில்லை. வேறு யாரும் வாசிக்கவில்லை. அவர் மகளையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"போன வருசம் பஸ்ஸு போர்டுகூட வாசிக்க மாட்டா இவ" என்று பொதுவாகச் சொன்னார். துண்டால் மகளின் முகத்தைத் துடைத்தார். "அது என்னவா இருந்தாலும் அழிச்சிருங்க டீச்சர். நான் வாரேன்."

உன்னை அழிக்கவிடாமல் நானே போய் அழித்தேன். அன்று மத்தியானம் முழுக்க நீ இருமினாய். நான் உன்னைத் திட்டிக்கொண்டே முதுகைத் தடவினேன். இருமலுக்கு நடுவே உன் கண் மட்டும் விளையாட்டுத் திடலில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணிடமே இருந்தது.

முழுப் பரீட்சை வந்தது. உன் பிள்ளைகள் எல்லாரும் வாசித்தார்கள். அடுத்த வருஷமும் அந்த வகுப்பு உனக்கே என்று ஆனது. காலாண்டு லீவுக்கு முன்னால் இருமல் நிற்காமல் போனது. இந்தத் தடவை நெஞ்சுக்குப் பரவியிருக்கிறது என்றார்கள். பஸ்ஸில் உனக்குப் போட்டு வைத்த இடத்தில் என் பையை வைத்துக்கொண்டு சில நாள் வந்தேன். பிறகு கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், எடுத்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் உன்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். சர்ச்சில் எல்லாரும் பாடினார்கள். அந்தப் பாட்டுகளில் உன் குரல் ஏறுகிற இடங்கள் எனக்குத் தெரியும். அந்த இடங்கள் வெறுமையாகவே கடந்து போயின.

உன் வகுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது. உன் டேப்லெட்டை நினைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியை சொன்னார். பீரோவுக்குள் அது தூங்கினால் உனக்குக் கோபம் வரும். நீ சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுப் புதுப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். வராந்தாக் கோடியில் இன்றும் யாராவது வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். பஸ்ஸில் இரண்டு காதிலும் நானே மாட்டிக்கொண்டு கேட்கிறேன்.

காரியங்கள் முடிந்து ஒருநாள் உன் மகள் என்னைத் தேடி வந்தாள். "ஆன்ட்டி, அம்மாவோட பழைய குரல் உங்க போன்ல எங்கயாச்சும் இருக்கா? எங்கிட்ட ஒண்ணுமே இல்ல" என்றாள். தேடினோம். ஆண்டு விழாப் படங்கள் முழுக்க நீ இருக்கிறாய், வாயைத் திறந்து பிள்ளைகளை அதட்டிக்கொண்டு. எல்லாம் புகைப்படங்கள். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய உன்னை நான் எதற்காகப் பதிவுசெய்து வைத்திருக்கப்போகிறேன்? அத்தனை பிள்ளைகளின் குரலையும் சேர்த்துவைத்த நீ, உன் குரலை எங்கும் விட்டுவைக்கவில்லை. உன் மகள் என் மடியில் தலை வைத்து அழுதாள். எங்கள் இருவர் அழுகையும் நிற்க வெகுநேரம் ஆனது.

அதைவிடப் பெரிய துக்கம் ஒன்று இருக்கிறது. அவளிடம் அதை நான் சொல்லவில்லை. உன்னை நினைத்தால் எனக்கே அந்த இயந்திரக் குரல்தான் முதலில் வருகிறது. அதைத் தள்ளிவிட்டுத்தான் உன்னைத் தேட வேண்டியிருக்கிறது. சில நாள் கிடைக்கிறாய், சில நாள் இல்லை.

ஒரு சொல் மட்டும் எப்போதும் உன்னுடைய குரலிலேயே இருக்கிறது. நான் கடைசியாக உன் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை, உனக்கு எழுதத் தெம்பில்லை. டேப்லெட்டை எடுத்துக் கொடுத்தேன், வேண்டாமென்று ஒதுக்கினாய். என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாய். பஸ்ஸுக்கு நேரமாயிற்று. அழுகையை அடக்கிக்கொண்டு, "சரி, நான் போறேன்" என்று எழுந்தேன். நீ என் மணிக்கட்டை விடவில்லை. தலையை அசைத்து, கோபமாக, உதட்டை நிறுத்தி நிறுத்திக் குவித்துப் பிரித்தாய்.

"வாரேன்னு சொல்லு."

சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது. விளாங்குடி நிறுத்தத்தில் ஏறும் அதே குரலில், டீக்கடைவரை எட்டும் அதே அதட்டலில் கேட்டது.

"வாரேன்" என்றேன். அப்புறம்தான் கையை விட்டாய்.