எல்லாக் கேள்விக்கும் ஓம் சொன்ன நோயாளி

என் செல்லப் பொய்காரர் அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க மாட்டேன். கேட்டால் "ஓம், நல்லாயிருக்கிறன்" என்றுதான் அங்கிருந்தும் சொல்லுவீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு?

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. மொன்ட்ரியால் பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டை விட்டுவிட்டோம். அம்மா இப்போது தம்பியோடு ரொக்ஸ்பரோவில் இருக்கிறா. அங்கே வீட்டுக்குப் பின்னால் பெரிய வளவு இருக்கிறதாம், ஆனால் கதைக்க ஒரு சனமும் இல்லையாம். தம்பியின் பிள்ளைகள் அவவுக்குப் பிரெஞ்சு படிப்பிக்கிறார்கள், அவ அவர்களுக்குக் கடிந்து பேசத் தமிழ் படிப்பிக்கிறா.

நான் இன்னும் அதே நேர்ஸ் வேலைதான். சனிக்கிழமைகளில் நேர்ஸ்மாருக்கு மருந்தியல் படிப்பிக்கிறேன். பதினைந்து, இருபது வருடம் வார்டில் நின்ற அனுபவசாலிகள் அவர்கள். இதுவரை டொக்டர் எழுதிய மருந்தைக் கொடுத்தவர்கள், இனிச் சில மருந்துகளைத் தாங்களே எழுதவும் அளவைக் கூட்டிக் குறைக்கவும் போகிறார்கள். "உன்ர பிரெஞ்சு அவையளுக்கு விளங்குதோ?" என்று கேட்டுச் சிரிப்பீர்களே, விளங்குகிறது அப்பா. விளங்காவிட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டுகிறார்கள்.

இப்போது ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், கோபிக்கக் கூடாது. என் வகுப்பில் நீங்கள் பெரும் புள்ளி. பெயரைக் கொஞ்சம் மாற்றி, பிரெஞ்சு மரியாதையோடு "மொசியூ ரத்தினம்" என்று ஒரு நோயாளியை உருவாக்கி வைத்திருக்கிறேன். எழுபத்தொரு வயது, சீனி வருத்தம், பிரஷர், வாய் நிறையச் சிரிப்பு. தன் பிரஷர் குளிசையைக் காட்ஸ் விளையாட வரும் சிநேகிதருக்கு "எனக்கு நல்லாக் கேட்டது, நீயும் ஒண்டு போட்டுப் பார்" என்று கொடுக்கிற மனிதர். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். மொரோக்கோக்காரி ஒருத்தி, "என்ர மாமாவும் இப்பிடித்தான்" என்று கையைத் தூக்கினாள்.

அந்தக் கந்தசஷ்டி நாளைத்தான் நான் பரீட்சையாகவே வைத்திருக்கிறேன். ஆறு நாளும் தண்ணீரும் கொஞ்சம் பாலுமாக இருந்தீர்கள். ஆனால் சீனிக் குளிசையை மட்டும் ஒருநாளும் தவறவிடவில்லை, மருந்து சாப்பாடு இல்லைத்தானே! முருகனுக்காகச் சோற்றை விட்டாயிற்று, மகளுக்காகக் குளிசையைப் போட்டாயிற்று, இரண்டு பேருக்கும் குறை வைக்கவில்லை. கடைசியில் சூரன் போர் பார்க்கப் போன இடத்தில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கி, கோயில் வாசலில் விழுந்தீர்கள். அம்புலன்ஸில் வந்த பெடியன் ஜூஸை நீட்ட, "விரதம் முறிஞ்சிடும்" என்று வாயை இறுக்கிப் பொத்தினீர்களே, நினைவிருக்கிறதா? அன்று அழுதேன். இன்று பரீட்சை முடிந்த பிறகு வகுப்பில் அதைச் சொல்லும்போது முதல் ஆளாகச் சிரிப்பவள் நான்தான்.

ஆனால் கதையை எப்போதும் ஒரே மாதிரித்தான் முடிப்பேன். "இவர் பிடிவாதக்காரர். எல்லாக் கேள்விக்கும் ஓம் என்று சொல்லி உண்மையை மறைத்துவிட்டார்" என்பேன். ஊரிலும் உறவிலும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.

போன மாதம் செய்முறைப் பரீட்சை. மொசியூ ரத்தினமாக நடிக்க வழக்கமாக ஒரு நடிகர் வருவார். அன்று காலை அவருக்குக் காய்ச்சல். வேறு ஆளைத் தேட நேரமில்லை. நானே உங்கள் பச்சை சுவெட்டரைப் போட்டுக்கொண்டு கதிரையில் போய் இருந்தேன். புள்ளி போடுவது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் சக ஆசிரியை, அதனால் அதில் பிழையில்லை. உங்களைப் போல நடிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை அப்பா. காலை ஆட்டிக்கொண்டு, எதைக் கேட்டாலும் ஓம் சொன்னால் சரி.

கடைசியாக வந்தவள் மிர்லாந். ஹெயிட்டியில் பிறந்தவள், மொன்ட்ரியால்-நோரில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாள், அவசர சிகிச்சைப் பிரிவில் இருபது வருட நேர்ஸ். கை அவ்வளவு வேகம். அந்த வேகம்தான் அவளுக்கு வினை. நோயாளி வாயை மூட முன்னம் மருந்தை எழுதிவிடுவாள். முன்பு வேறு நோயாளிகளை வைத்து நடந்த பரீட்சையில் இரண்டு தரம் அதனாலேயே தவறிவிட்டாள். இது மூன்றாவதும் கடைசியும். அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக் ஒன்று அவளுக்காக இடத்தைப் பிடித்து வைத்திருந்தது. இதிலும் தவறினால் அதுவும் போய்விடும்.

பைலில் போன மாதச் சீனிக் கணக்கு உயரமாக இருக்கிறது. அதைப் பார்த்த உடனே குளிசையின் அளவைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் பட்டினி கிடக்கிற மனிதர் விழுந்துவிடுவார். பொறி அங்கேதான் இருக்கிறது. அவள் கேட்டதெல்லாம் பிரெஞ்சில், உங்களுக்காக நம்முடைய பேச்சில் எழுதுகிறேன்.

"குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?"

"ஓம்."

"நேரத்துக்குச் சாப்பிடுறீங்களோ?"

"ஓம், ஓம்."

பேனா மூடியைக் கழற்றிவிட்டாள். ஐயோ, எழுதாதே பிள்ளை, எழுதாதே என்று உள்ளுக்குள் கத்தினேன். வாயைத் திறக்க முடியுமா? நான் நோயாளி. காலை ஆட்டிக்கொண்டு சிரித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை மேசையில் வைத்தாள்.

"மொசியூ, நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டீங்கள்?"

"...தண்ணி."

"முந்தநாள்?"

"தண்ணி. பேந்து கொஞ்சம் பால்."

அப்பாடா! கண்ணாடிக்குப் பின்னால் என் சக ஆசிரியை மூச்சு விட்டிருப்பாள். மிர்லாந் விரதத்தைக் கேட்டாள், எத்தனை நாள் என்று கேட்டாள், இன்றைக்கு அந்தக் குளிசை வேண்டாம் என்றாள், உடனே சீனி பார்க்க வேண்டும் என்றாள், டொக்டரோடு கதைத்த பிறகுதான் மற்றது என்றாள். அத்தோடு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கதிரையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"அப்ப முதல் ஏன் ஓம் எண்டனீங்கள்?"

அந்தக் கேள்வி நான் எழுதிய நாடகத்தில் இல்லை அப்பா. அதற்கு மறுமொழி எழுதி வைக்கவில்லை. இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"என்ர மகள் நேர்ஸ். அவவுக்கும் ஓம் எண்டுதான் சொல்லுறனான். அவவுக்கு வேலை கூட. பாவம், யோசிப்பா."

"மகள் எப்பிடிக் கேக்கிறவ?"

"குளிசை போட்டனீங்களோ, சாப்பிட்டனீங்களோ எண்டு. வேலையிடத்தில இருந்து போன் பண்ணுவா."

மிர்லாந் சத்தமாகச் சிரித்துவிட்டாள். "அது கேள்வியே மொசியூ? அதுக்கு ஆர் இல்லை எண்டு சொல்லுவினம்? அடுத்தமுறை மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. எப்பிடிக் கேக்கிறதெண்டு அவவுக்கு நான் பழக்கி விடுறன்."

நான் சிரிக்கத் தொடங்கினேன். நிற்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, உங்கள் சுவெட்டர் கையால் துடைத்துக்கொண்டேன். மிர்லாந் பயந்துபோனாள், தான் ஏதோ பிழை விட்டதாக நினைத்துவிட்டாள். பரீட்சையில் சித்தியடைந்துவிட்டாய் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உயிர் வந்தது. மொசியூ ரத்தினம் யார், அந்த மகள் யார் என்று நான் சொன்னபோது தலையில் கையை வைத்தபடி நிலத்தில் இருந்துவிட்டாள். "கடவுளே, ரீச்சரையே வகுப்புக்கு வரச் சொல்லிட்டன்!" பிறகு எழும்பி என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய பிடி லேசுப்பட்டதில்லை, விலா எலும்பு இரண்டு நாள் நொந்தது.

காருக்குள் ஏறியதும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். ஒவ்வொரு நாளும்தான் எடுக்கிறேன். "குளிசை போட்டாச்சோ?" "ஓம் பிள்ளை." "சரி, வைக்கிறன்." ஒரு நிமிடம்கூட ஆகாது. அன்று மாற்றிக் கேட்டேன்.

"அம்மா, குளிசைப் பெட்டியைக் கையில எடுங்கோ. இண்டையான் காலமைப் பக்கத்தைத் திறந்து பாருங்கோ. உள்ளுக்கு என்ன கிடக்கு?"

"நீ என்ன, பொலிஸ்காரி மாதிரி?"

"திறவுங்கோ அம்மா."

மூடி திறபடுகிற சத்தம் கேட்டது.

"மூண்டு கிடக்கு."

"நேற்றையான்?"

"அதுவும் கிடக்கு பிள்ளை. அந்தச் சின்ன வெள்ளையைப் போட்டால் தலை சுத்துது, எதுக்கு வம்பெண்டு எல்லாத்தையும் விட்டிட்டன். உனக்குச் சொன்னால் நீ வேலையில நிண்டு யோசிப்பாய்."

ஏசவில்லை அப்பா, சத்தியமாய். சந்தோஷமாக இருந்தது. அம்மா எனக்கு உண்மை சொல்லிவிட்டா! திங்கட்கிழமை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன், பிரஷர் குளிசையைக் குறைத்து எழுதினார். இப்போது தலைச்சுற்று இல்லை. நேற்றுப் பின் வளவில் பேரனோடு பந்தடிக்கப் போய்த் தம்பியிடம் ஏச்சு வாங்கினாவாம்.

வருகிற சனிக்கிழமை புது வகுப்பு தொடங்குகிறது. வழக்கம்போல மொசியூ ரத்தினத்தின் கதையைச் சொல்வேன், வழக்கம்போல எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் பிடிவாதக்காரர் என்ற சொல்லை இனி எடுக்க மாட்டேன், இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. அவரிடம் பிழையாகக் கேள்வி கேட்ட நேர்ஸ் ஒருத்தி இருந்தாள் என்று சொல்லி, அவளுடைய பெயரைக் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதுவேன்.

அந்தப் பெயரோடு,
உங்கள் மூத்த பிள்ளை
வசந்தி